வளையல்காரியின் ரெக்கார்டு

அக்கா வீட்டு ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. முன்பக்கம் மூன்று திருகுகள். ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. இன்னொன்று மிருதங்கத்தின் தொப்பி மாதிரி கனத்த ஒலிகளுக்கு. மூன்றாவது ஜால்ரா மாதிரி மெல்லிய, கூர்மையான ஒலிகளுக்கு, டிரெபிள் என்பார்கள். அந்த மூன்றாவது திருகு வலது பக்கம் கடைசி வரை திருப்பப்பட்டு, அதற்குமேல் போக வழியில்லாமல் நிற்கிறது. அத்தான் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீடு துடைக்க வரும் பெண்ணிடம் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள், "இஸ்கோ ஹாத் மத் லகானா", இதில் கை வைக்காதே என்று. மயூர் விஹாருக்குக் குடிவந்து இத்தனை காலமாகியும் அக்காவின் இந்தியில் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று துடைக்கிறாள், அந்தத் திருகைச் சுற்றி மட்டும் தூசி படிந்திருக்கிறது.

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். மத்திய அரசாங்க ஆபீஸில் வேலை. அவள் தங்கச்சி எனக்கும் தில்லியில் வேலை கிடைத்தபோது அவர்கள் வீட்டில்தான் வந்து இறங்கினேன், பிறகு பக்கத்து சொசைட்டியில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்துப் போனேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவதற்கு எனக்கு வேறு வீடு இல்லை, அத்தானுக்கும் பாட்டுக் கேட்க என்னை விட்டால் உட்கார ஆள் இல்லை. அக்காவுக்குப் பாட்டில் எல்லாம் பெரிய ஈடுபாடு கிடையாது. "ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு யாரு போறதாம்?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிடுவாள். அங்கே முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இங்கே இரண்டு ரெக்கார்டு முடிந்திருக்கும்.

அத்தான் பெண்கள் பாடினால்தான் கேட்பார். ஆண் வித்துவான்களின் ரெக்கார்டு ஒன்றுகூட அந்த அலமாரியில் இருந்ததில்லை. நான் ஒருதரம் காரணம் கேட்டேன். "ஆம்பளைக் குரலத்தான் வாரம் பூரா ஆபீஸ்ல கேக்கேனே, காணாதா?" என்றார். அந்தப் பாடகிகளின் பெயர்கள் ஊருக்கே தெரிந்த பெயர்கள். எங்கள் வீட்டில் மட்டும் அவர்களுக்கு வேறு பெயர். தும்ரி என்ற இந்துஸ்தானிப் பாட்டுப் பாடும் கனத்த குரல்காரி பனாரஸ் அக்கா. சினிமாவில் பாடியவர் சின்னப் பொண்ணு. அவர் பாட்டியான பிறகும் அதே பெயர்தான். தரியாகஞ்ச் நடைபாதையில் பழைய புஸ்தகங்களுக்கு நடுவே கிடைத்த ஆங்கிலப் பாடகி வெறும் வெள்ளைக்காரி. அவளுடைய பாட்டில் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் அவள் உதட்டைப் பிரிக்கும் சத்தம்கூடக் கேட்கும். "குரல் வேற, பதிவு வேற" என்பது அத்தானின் கட்சி. பனாரஸ் அக்காவுக்கு ஈடே கிடையாது, ஆனால் பாவம், அவளைப் பதிவு செய்தவன் எவனோ மைக்கை வாசலில் வைத்துவிட்டான் என்று உண்மையாகவே வருத்தப்படுவார். பெரிய பாடகி மோசமான பதிவில் மாட்டிக்கொள்வதை ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்குக் குடிகார மாப்பிள்ளை வாய்த்த மாதிரி பேசுவார்.

எல்லாருக்கும் மேலே ஒருத்தி இருந்தாள். வளையல்காரி. கர்நாடக சங்கீதம். ஏதோ ஒரு சின்ன மண்டபத்தில் நடந்த கச்சேரியை அப்படியே பதிந்த ரெக்கார்டு அது. மைக்கை யாரோ தாழ வைத்திருக்கிறார்கள். பாடுகிறவர் தொடையில் தாளம் போடப் போட, கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் லேசாக உரசும். சில் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குரலுக்கு அடியில், தம்பூராவுக்குப் பின்னால், கவனித்தால்தான் கேட்கும். "ஸ்டுடியோல வளையலக் கழட்டி வையின்னுருவான். இதுல மறந்துட்டான் பாத்துக்கோ, மகராசன்" என்பார் அத்தான். வீட்டுக்குப் புது ஊசியோ, புது ஸ்பீக்கரோ, யாராவது புது ஆளோ வந்தால் முதலில் வளையல்காரிதான். கொஞ்ச நேரம் போனதும் குனிந்து, ரகசியம் மாதிரி, "வளையல் கேக்குதா?" என்று கேட்பார். கேட்கிறது என்று சொன்னவர்களுக்கு அக்கா கையால் இரண்டாவது காப்பி உண்டு.

தில்லியில் பாட்டுக் கேட்க ஏற்ற மாதம் தை. ஃபேன் ஓடாது, கூலர் ஓடாது, பனிமூட்டத்தில் ரோட்டுச் சத்தமும் குறைவு. அத்தான் எழுந்து போய் ஃபிரிட்ஜின் சுவிட்சையும் அணைத்துவிட்டு வருவார். கீழே ஆலூ, கோபி என்று கத்திக்கொண்டு காய்கறி வண்டிக்காரர் போகும் வரை பொறுத்திருந்து, பிறகுதான் ஊசியை இறக்குவார். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, அந்தக் குளிரில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல பொழுதுகளில் பாதி அந்த ஹாலில்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. இந்த ஆம்ப்ளிஃபையர் அப்போதுதான் வந்திருந்தது. ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று நான்கு பேர் கேட்க வந்திருந்தார்கள். வளையல்காரி ஆரம்பித்ததுமே, பாட்டோடு சேர்ந்து கீச்சென்று ஒரு கூர்மையான சத்தம், ஏதோ வயர் சரியாகப் பொருந்தாமல். விடாமல் வந்துகொண்டே இருந்தது. சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மகள் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளேயிருந்து ஓடிவந்து, "அப்பா, பந்த் கரோ ப்ளீஸ், காது வலிக்குது" என்றாள். அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "வளையல்தான் கொஞ்சம் மங்கிப்போச்சு. புது மிஷின், பழகணும்" என்றார். வந்தவர்கள் ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வந்துவிட்டது.

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்து வயரைச் சரிபண்ணிவிட்டுப் போனார். கீச்சுச் சத்தம் நின்றது. அத்தானுக்கு அது வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. வளையல் மட்டும் திரும்பி வரவில்லை. ஊசியை மாற்றினார். அது சரியில்லை என்று ஸ்பீக்கரை மாற்றினார். லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கு மெட்ரோ ஏறிப் போய் வயர் வாங்கி வந்தார், திரும்பவும் போய் அதைவிடத் தடிமனான வயர் வாங்கி வந்தார். ஸ்பீக்கருக்கு அடியில் கல் வைத்தார், கல்லை எடுத்துவிட்டு மரக்கட்டை வைத்தார். அந்த டிரெபிள் திருகை வாரத்துக்குக் கொஞ்சமாக வலது பக்கம் தள்ளிக்கொண்டே போனார். பாதி தாண்டியதுமே எனக்கு மண்டை விண்விண் என்று தெறிக்கும். அக்கா அடுப்படியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தோசை வார்ப்பாள். சின்னப் பொண்ணு 'ச' சொல்லும்போதெல்லாம் ஊசியால் குத்துகிற மாதிரி இருக்கும். அத்தானோ, "இந்த மிஷினும் சரியில்ல. ஏமாத்திட்டான்" என்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகலாம், மிஷினில் ஒன்றுமில்லை, அவர் காதுதான் என்று சொல்லிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் பஞ்சை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லிராத. மிஷின்னு நெனச்சா அடுத்த மிஷின் வாங்கலாம். காதுன்னு தெரிஞ்சா நாளைலேருந்து எதுக்கு எந்திரிப்பாரு?" என்றாள். நான் அவளோடு சண்டை போட்டேன். ஒரு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னபடிதான் இருந்தேன், அது அவள் புருஷன்.

அவர் ரிட்டயர் ஆன பிறகு வந்த ஒரு தை மாதம். அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அத்தான் ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்தார், துடைத்தார், போட்டார். வழக்கமாகத் தன் நாற்காலியை ஸ்பீக்கரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்வார். அன்றைக்கு என்னைப் பார்க்கத் திருப்பினார். "ஏம்மா, ஒரு காரியம் செய்யி. வளையல் வரும்போதெல்லாம் விரலத் தூக்கு" என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. சில் என்று வந்ததும் ஆள்காட்டி விரலைத் தூக்கினேன். மறுபடி வந்தது, தூக்கினேன். பல்லவியில் தாளம் விறுவிறுப்பாகும்போது வளையலும் அடுக்கடுக்காக வரும், விரலும் ஓயாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. பொய்யாக ஒன்றிரண்டு விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கையோ என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஊசி கடைசிக்கு வந்து சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் எடுத்து வைத்தார். "மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை, காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் புதிதாக எதையும் வாங்கவில்லை. டி.வி.யில் பேசுவது கேட்கட்டும் என்று காதுக்கு மிஷின் ஒன்று மகள் வாங்கித் தந்தாள். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "வளையல்காரிய தகர டப்பாவுக்குள்ள போட்டு அடச்ச மாதிரி இருக்கு" என்று மேஜை டிராயரில் வைத்துவிட்டார். வளையல் மங்கியதும் தன் காதால்தான் என்று தெரிந்துவிட்டதை அக்காவிடம் அவர் சொல்லவே இல்லை. அக்காவும் கடைசி வரை கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, வயசான காலத்தில் அத்தனை வருஷம் ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போவதும் நிற்கவில்லை. விரலைத் தூக்கு என்று அவர் மறுபடி சொன்னதில்லை, நானாகவே தூக்குவேன். கடைசி இரண்டு மூன்று வருஷத்தில் குரலே அவருக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டிருக்க வேண்டும். திருகைக் கடைசி வரை தள்ளியது அவர் போவதற்குச் சில நாள் முன்னால்தான், நான் இல்லாத ஏதோ ஒரு நாள். தனியாக உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னாள், "வருஷம் திரும்புறதுக்குள்ள ஒருதரம் அந்த ரெக்கார்டப் போடுட்டி. எனக்கு அது தெரியாது, நீதான் போடணும்." அக்கா மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். ஃபிரிட்ஜை அணைத்தேன். கீழே வண்டிக்காரர் போகட்டும் என்று காத்திருந்தேன். இப்போது அவருக்கும் வாயில்லை, வண்டியில் கட்டிய சின்ன ஸ்பீக்கர்தான் கத்துகிறது. டிரெபிளைத் தொடவில்லை. அவர் வைத்த இடத்திலேயே வைத்து அவர் கேட்ட மாதிரியே ஒருதரம் கேட்டுவிட வேண்டும், காது கிழிந்தாலும் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஊசியை இறக்கினேன். பாதித் திருகலிலேயே மண்டை தெறித்தவள் நான்.

ஒன்றும் தெறிக்கவில்லை. வளையல்காரி இதமாக ஆரம்பித்தாள். பஞ்சு வைத்துப் பொதிந்த மாதிரி, குத்தல் இல்லாத குரல். வளையலுக்காகக் காத்திருந்தேன். அது வரும் இடம் எனக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தது, போனது. குனிந்து பார்த்தேன். "ரொம்ப நாள் போடாம இருந்ததுல்ல, ஊசி மழுங்கிட்டு போல" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இதற்கு முன் ஒரே ஒருதரம்தான் பார்த்திருக்கிறேன், காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு அடுப்படியில் நின்றபோது.

அதற்குள் உள்ளேயிருந்து அவள் பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "சின்ன ஆச்சி, ப்ளீஸ் பந்த் கரோ. காது வலிக்குது" என்றாள்.

நான் நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். "கண்ணு, பாட்டுக்கு உள்ள சில்லு சில்லுன்னு வளையல் சத்தம் வருதா?" என்று கேட்டேன். "ஹாஞ்சி, எவ்வளவு லவுடா வருது, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். அவளை அத்தானின் நாற்காலியில் உட்கார வைத்தேன். அதை என்னைப் பார்க்கத் திருப்பினேன். வளையல் வரும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னேன். ஏதோ விளையாட்டு என்று அவளுக்குச் சந்தோஷம், காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பல்லவி வந்தது. சின்ன விரல், நகத்தில் பாதி உரிந்த சிவப்புப் பாலிஷ். அது மேலே போவதும் இறங்குவதுமாக இருந்தது, எல்லாம் சரியான இடத்தில்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றேன் அக்காவிடம்.