பெயர் வெட்டப்படும்

யசோதாவின் வாயில் "சரிங்க" என்ற சொல் வராத நாளே இல்லை. மன்னாரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாங்கள் "ஓம்" என்போம், கூடிப்போனால் "சரி" என்போம். இவள் மட்டும் பஸ் கொண்டக்டரிடமும் "சரிங்க", தேத்தண்ணிக் கடைக்காரரிடமும் "சரிங்க". கீரியிலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் சிவராணி அவளை "இந்தியாக்காரி" என்று பகிடி பண்ணுவாள். அதற்கும் சிரித்துக்கொண்டு "சரிங்க" என்றுதான் சொல்வாள்.

பிறந்தது விடத்தல்தீவில். நாலு வயதில் தகப்பனின் தோளில் இருந்தபடி படகேறி இந்தியாவுக்குப் போனவள், தமிழ்நாட்டில் ஒரு முகாமில் வளர்ந்து, அங்கேயே சாந்தரூபனைக் கலியாணம் செய்து, போர் முடிந்து சில வருடம் கழித்து ஊர் திரும்பினாள். திரும்பி வந்த ஊரில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. காணி மட்டும் இருந்தது, அதிலும் உடைமரம் முளைத்துக் கிடந்தது. சாந்தரூபன் கடலுக்குப் போனான். அவள் கருவாடு காயப்போட்டாள். மகள் பிறந்து முன்பள்ளிக்குப் போகும் வயது வந்ததும், விடப்போன இடத்தில் ஓரமாக நின்று மற்றப் பிள்ளைகளுக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். மகள் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகும் அவள் முன்பள்ளியை விடவில்லை. சம்பளம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் அவளைத்தான் ரீச்சர் என்றார்கள்.

அங்கே இருந்த உண்மையான ரீச்சர் கலியாணமாகி வவுனியாவுக்குப் போகப்போகிறா என்று கதை வந்ததும், முன்பள்ளிக் குழுவினர் யசோதாவைக் கூப்பிட்டார்கள். ஒரு டிப்ளோமா முடித்துக்கொண்டு வா, இடம் உனக்குத்தான் என்றார்கள். முப்பத்தாறு வயதில் அவளிடம் யாரோ ஒருவர் "இது உனக்கு" என்று சொன்ன முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படித்தான் அவள் மன்னார் ரவுணுக்கு வந்து, முன்பள்ளி ஆசிரியர் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சுலைஹா, முசலிக்காரி. ரவுணில் தங்கச்சி வீட்டில் தங்கிப் படித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு வாயே இல்லை. அதனால் நன்றாகப் பொருந்திப் போனது.

எங்களுக்குப் படிப்பித்தவர் ஜெகதீபன் சேர். கம்பஸ் முடித்து வந்த கையோடு இந்த வேலை. மீசை அப்போதுதான் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தது. வகுப்பில் இருந்தவர்களோ பிள்ளை குட்டிக்காரிகள், ஒருத்திக்குப் பேரப்பிள்ளையே இருந்தது. முதல் நாள் அந்த மனிசன் வகுப்புக்குள் வந்ததும் சிவராணி, "தம்பி, அந்த யன்னலக் கொஞ்சம் துறந்து விடுங்கோ, வெக்கையா இருக்கு" என்றாள். பாவம், அவரும் போய்த் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் அவருக்கு ரோசம் வந்தது.

அடுத்த நாள் சுவரில் ஒரு பெரிய மட்டை தொங்கியது. சிவப்பு மையில் சட்டங்கள். ஒன்பது மணிக்குக் கதவு பூட்டப்படும். கைபேசிகள் வாசலில் உள்ள கூடைக்குள் போடப்பட வேண்டும். வகுப்பினுள் உணவு கூடாது. அக்கா, தம்பி, மாமி என்று முறை சொல்லி அழைக்கக் கூடாது. கடைசியில் அடிக்கோடு இழுத்து: மூன்று தடவை பிந்தி வருபவரின் பெயர் வெட்டப்படும்.

சட்டம் என்று எழுதித் தொங்கவிட்டால் அதை எப்படிச் சமாளிப்பது என்று எங்கள் ஊர் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எத்தனை அரசாங்கக் கந்தோர்ச் சுவர்களைப் பார்த்துவிட்டோம்! சிவராணி வீட்டில் கிடந்த பழுதான போன் ஒன்றைக் கொண்டுவந்து கூடைக்குள் போட்டுவிட்டு, நல்ல போனை மடிக்குள் வைத்திருப்பாள். கடைசி வாங்கில் வடை கைமாறும். நான்கூட ஒருநாள் பிந்திப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நடிப்பு நடித்து உள்ளே போனேன். சேருக்கும் அது விளங்கும். சத்தம் போடுவார், முறைப்பார், அவ்வளவுதான். பெயரை வெட்டினால் வகுப்பில் ஆள் குறையும், ஆள் குறைந்தால் மேலிடத்தில் அவருக்குத்தான் பேச்சு விழும். அவர் வெட்டமாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

யசோதாவுக்கு மட்டும் தெரியாது. அவள் அந்த மட்டையை முதல் நாளே இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னடி, சோதினைக்குப் பாடமாக்கிறியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, பேர் வெட்டுறதுன்னு போட்டிருக்காங்களே" என்றாள்.

அன்றைக்கு இடைவேளையில்தான் முகாம் கதையைச் சொன்னாள். அங்கே தலை எண்ணுகிற நாள் என்று ஒன்று உண்டாம். அதிகாரிகள் வருவார்கள், அவரவர் வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்க வேண்டும். ஒருமுறை அவளுடைய அம்மா, பிள்ளைப்பேற்றுக்குப் போன தன் தங்கச்சிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டார். ஆள் இல்லை என்று பெயரை வெட்டிவிட்டார்கள். அரிசி நின்றது, காசு நின்றது. அப்பா கூலி வேலையையும் விட்டுவிட்டு அலுவலக வாசலில் போய்க் கிடந்தார். மழைக்காலம் முழுக்கக் கிடந்தும் அம்மாவின் பெயரை எழுத முடியவில்லை.

"பேர வெட்டிட்டா அவ்வளவுதான்க்கா. கேள்வி கேட்க முடியாது. நாம நிப்போம், ஆனா ஆள் கணக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாடே வங்குரோத்தான அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, ராவும் பகலும் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் விடத்தல்தீவில் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. சாந்தரூபன் வீட்டில் இருந்து இருந்து பைத்தியம் பிடித்தவன் போலாகி, திரும்ப இந்தியாவுக்கே போவோம் என்று நச்சரிக்கத் தொடங்கினான். பேசாலைப் பக்கத்தாலும் தலைமன்னார்ப் பக்கத்தாலும் சனம் களவாகப் படகேறிக்கொண்டிருந்த காலம் அது.

"நீ என்ன சொன்னனி?" என்று கேட்டேன்.

"வரமாட்டேன்னுட்டேன். இந்தக் கோர்ஸ் முடியட்டும், எனக்கு வேலை இருக்கு, நான் சோறு போடுறேன்னு சொன்னேன். மகளுக்கும் அந்த முகாம் வாழ்க்கை வேணாம்க்கா." மெல்லத்தான் சொன்னாள். ஆனால் அவள் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முதல்முறை பிந்தினது பஸ் வராமல். கதவு பூட்டியிருந்தது. மற்றவள் என்றால் தட்டியிருப்பாள், கெஞ்சியிருப்பாள், நடித்திருப்பாள். இவள் விறாந்தையில் யன்னலோரமாக நின்று, சேர் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். சேர் கண்டும் காணாதது போல் இருந்தார். இரண்டாம்முறை மண்ணெண்ணெய் வரிசையில் விடியமுதல் நின்று பிந்தினாள். அன்றைக்கும் விறாந்தைதான்.

மூன்றாவது முறை, வந்த பஸ் திருக்கேதீஸ்வரச் சந்திக்குக் கிட்ட நின்றுவிட்டது. கொஞ்சத் தூரம் நடந்து, பிறகு வழியில் வந்த ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறி, தலையெல்லாம் புழுதியாக வந்து சேர்ந்தாள். சேர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவர் சொன்னது எங்களுக்கு உள்ளே நன்றாகக் கேட்டது.

"யசோதா, இது மூண்டாந்தரம். சுவரில என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியும்தானே?"

"தெரியுங்க சேர்."

"அப்ப வீட்ட போங்கோ."

"சரிங்க சேர்."

அவ்வளவுதான் பேச்சு. இடைவேளைக்கு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் இல்லை. வகுப்பிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த படப் புத்தகங்கள் விறாந்தைக் கதிரையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே சேரிடம் போனேன். "டீசல் இல்லாததுக்கு அவள் என்ன செய்வாள்? மெய்யாத்தான் பேரை வெட்டிப்போட்டீங்களோ?"

"ஐயோ, இல்லை. இண்டைக்கு மட்டும்தான் போகச் சொன்னனான். ஒருக்காலும் ஒண்டும் செய்யாட்டி நீங்க ஒருத்தரும் பயப்பிட மாட்டியள்தானே? நாளைக்கு வருவா."

அடுத்த நாள் வரவு இடாப்புக் கூப்பிட்டபோது அவளுடைய பெயரையும் வாசித்தார். பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் வாசித்தார். அவளுடைய போன் வேலை செய்யவில்லை. ஊரில் அரைவாசிப் போன்கள் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த காலம், அதனால் அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சலாக்கும் என்றாள் சிவராணி. வாரம் முடியும்போது சேரின் முகமே மாறிப்போயிருந்தது. "விடத்தல்தீவுக்குப் போய்ப் பாப்பம், நீங்களும் வாறியளோ?" என்று அவராகவே என்னிடம் கேட்டார். ஓடின ஒரே பஸ்ஸில் நெரிபட்டுப் போய் இறங்கினோம்.

வீடு பூட்டிக் கிடந்தது. கோழிக்கூடு திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்து வளவில் வலை பொத்திக்கொண்டிருந்த இன்னாசிமுத்து என்ற வயதாளிதான் எழும்பி வந்தார்.

"அவையள் போயிட்டினம். புதன்கிழமை இரவு தலைமன்னார்ப் பக்கத்தால வள்ளம் ஏறினவையாம்."

"அவள் போகமாட்டன் எண்டவள்" என்றேன் நான்.

"ஓம் பிள்ளை, போகமாட்டன் எண்டுதான் நிண்டவள். மனிசனோட ஒவ்வொரு நாளும் சண்டை. பிறகு ஒருநாள் மத்தியானம் ரவுணால வந்தாள், அந்தா அந்தப் படியில இருந்தாள். பேரை வெட்டிப்போட்டினம், இனி இஞ்ச எனக்கு ஒண்டுமில்லை, வாங்கோ போவம் எண்டாளாம். அவன் வள்ளத்து எஞ்சினை வித்துப்போட்டு, களவா ஏத்துற ஓட்டி ஒருத்தனப் பிடிச்சான்."

சேர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்காக என் வாயில் எவ்வளவோ வந்தது. அவள் இருந்த படியில் அவர் குந்தியிருந்த விதத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதி வந்தது. ஓட்டி அவர்களைக் கடல் நடுவே ஒரு மணல் தீடையில் இறக்கி, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டானாம். ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை. மகளின் தலைக்குமேல் சீலையைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். இந்தியக் கடற்படை வந்து ஏற்றிப்போய் அங்கே ஒரு முகாமில் விட்டது.

எங்களுக்குச் சோதினை நடந்த மாதத்தில் ஒருநாள், தேத்தண்ணி இடைவேளையில் இந்திய இலக்கத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது.

"சுலைஹாக்கா, நான் யசோ."

எனக்கு அழுகைதான் முதலில் வந்தது. அவள் என்னைத் தேற்றினாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, சாந்தரூபன் பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போகிறான், வெளியே போய்வரக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள். முன்பள்ளியில் இப்போது யார் என்று கேட்டாள். அடம்பனிலிருந்து வாற யாரோ ஒரு பிள்ளையாம் என்றேன். "நல்லா பாத்துக்குவாங்களா?" என்றாள். பிறகு, "சேர் எம்மேல கோபமா இருக்காரா?" என்று கேட்டாள்.

சேர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். போனை அவரிடம் நீட்டி, குரல் வெளியே கேட்கும்படி அழுத்திவிட்டேன்.

"யசோதா அக்கா" என்றார் அவர். "அக்கா, நான் உங்கட பேரை வெட்டேல்லை. சும்மா வெருட்டத்தான் அப்பிடி எழுதினனான். இண்டைக்கு வரைக்கும் இடாப்பில உங்கட பேர் இருக்கு."

அந்தப் பக்கம் யாரோ குடம் வைக்கிற சத்தமும், பிள்ளைகள் கத்துவதும் தூரத்தில் கேட்டன.

"அப்ப... அடுத்த நாள் நான் வந்திருக்கலாமா சேர்?"

சேர் போனை என் கையில் வைத்துவிட்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எனக்கு அது வரவில்லை.

"ஓம் யசோ" என்றேன். "வந்திருக்கலாம்."

அவள் "சரிங்க" என்று சொல்லவில்லை. பெரிய குரலெடுத்து அழத் தொடங்கினாள்.