மூன்று இழுப்பு

நம்பாதவர்கள் என் வலது மணிக்கட்டைப் பார்க்கலாம். தழும்பு இன்னும் இருக்கிறது. நடந்தது ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல்.

1988. ஆரணியில் ஒரு பட்டுச்சேலை முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். முன்னால் ஆபீசில் அது. பின்னால் நூல் குடோனில் இன்னொரு திரை. நடுவே கேபிள் போட வேண்டும். ஐம்பது அடியைத் தாண்டினால் திரையில் எழுத்து சிதறும் என்று மெட்ராஸ் இன்ஜினியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவரோடு சுற்றினால் நூற்றிருபது அடி. நேராகப் போனால் நாற்பது. நேராக இருந்தது ஒன்றுதான்: தரைக்கு அடியில், என்றோ மூடிய சாயப்பட்டறையின் கழிவுக் கால்வாய்.

கேபிள் போட வந்த மூவரில் நான்தான் ஒல்லி. அதனால் நான்தான் உள்ளே.

"உள்ள போனா கொரல் கேக்காது ஜெயவேலு," என்றார் ஆபீஸ் பக்கம் நின்று கேபிள் விடுகிற துரைக்கண்ணு. "ஒரு இழுப்பு இழுத்தா கேபிள் விடுவேன். ரெண்டுன்னா நிறுத்துவேன். மூணுன்னா உன்ன வெளிய இழுத்துடுவேன்."

"எலி கடிச்சா எத்தினி இழுப்புண்ணே?"

"உன்னக் கடிச்சா எலிக்குத்தான் பேஜாரு. போடா ஜல்தியா."

குடோன் பக்கம் மணவாளன் தரைக்கல்லைப் பெயர்த்து நுனியை வாங்க வேண்டும்.

கேபிளை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, நுனியை முன்னால் நீட்டியபடி ஊர்ந்தேன். முதுகு மேல்கல்லில் உரசியது. பல வருஷம் காய்ந்து கிடந்த கால்வாய். ஆனால் கீழே ஈரம்... வெதுவெதுப்பாக. சாயம் கொதிக்கிற வாசனை.

பாதி தூரத்தில் தோள் சிக்கியது. முன்னும் போகவில்லை. பின்னும் வரவில்லை. இடது கை விலாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அப்போது நுனியை யாரோ பிடித்தார்கள்.

"மணவாளா?"

சளக்... சளக்...

கேபிள் முன்பக்கமாக இறுகியது. மணிக்கட்டுத் தோல் கிழிந்தது.

"டேய், விடுறா... கை போவுது!"

விடவில்லை.

பிறகு சுண்டியது.

ஒன்று.

இரண்டு...

மூன்று.

நான் இழுக்கவில்லை.

மறுநொடி பின்னாலிருந்து துரைக்கண்ணு இழுத்தார். தோள் உரிய வெளியே வந்து விழுந்தேன். கேபிள் நுனியில் சிவப்புச் சாயம் சொட்டியது.

துரைக்கண்ணுக்கு மூச்சு வாங்கியது. "ஒல்லிப்பையன்னு பார்த்தா, ரெண்டாள் கனம் கனக்குறியேடா!"

மணவாளன் ஓடிவந்தான். "கல்ல பேத்துட்டேண்ணே. கீழ செங்கல் வெச்சிக் கட்டியிருக்காங்க. எறும்புகூட வராது."

கேபிளைச் சுவரோடு சுற்றித்தான் போட்டோம். எழுத்து சிதறியது. சிதறட்டும்.

வேலை முடிந்த அன்று, குடோன் பெருக்குகிற செல்லியம்மாள் என் மணிக்கட்டில் இருந்த துணிக்கட்டைப் பார்த்து நின்றாள். அவள் புருஷன், சின்னப்பையன் என்று பெயர், பட்டறை ஓடிய காலத்தில் அந்தக் கால்வாயில் தூர் வாரப் போனவனாம். இடுப்பில் கயிறு. மூன்று இழுப்பு இழுத்திருக்கிறான். மேலே கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. முதலாளி கூப்பிட்டார் என்று போய்விட்டார்கள். பிறகு இழுத்தபோது வெறும் கயிறுதான் வந்தது. உடம்பைத் தேடாமலே குடோன் பக்கத்தைச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

கேபிள் மூன்று முறை சுண்டியதைச் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உன்ன வெளிய இழுக்கும்போது கனமா இருந்துச்சா தம்பி?"