இரண்டாம் புட்டி

ஐந்து. மூன்று ஆண்டுகளாக ஞாயிறு காலைதோறும் மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு மீன்தொட்டிக்கு மேலே தொங்கும் காலண்டரில் எழுதிவந்த எண் அது. தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்பதன் கணக்கு. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் மட்கித் தண்ணீரில் சேரும் உப்பு அது. நாற்பதைத் தாண்டினால் மீன்கள் சோரத் தொடங்கும். ஐந்து என்றால் கவலையே இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் நடைபாதை வரை நிற்கும். எவ்வளவு நெரிசலானாலும், குழந்தைகளுக்கான சிரப் வாங்குபவரை அவர் சும்மா அனுப்பமாட்டார். லேபிளில் சிவப்பு வட்டம் போட்டு, "என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க" என்பார். "நல்லா குலுக்கிட்டுக் குடுக்கணும்" என்று வாயால் சொன்னால்தான் பை கைக்கு வரும். தெருவில் அவருக்குப் பெயரே 'குலுக்கல்'தான்.

தொட்டி உண்மையில் அவருடைய அக்காவினுடையது. கணவர் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவர் கொண்டுவந்தவை இரண்டு பெட்டிகள், ஒரு தையல் மெஷின், தொட்டியோடு பதினொரு தங்கமீன்கள். சனிக்கிழமை தவறாமல் தொட்டியிலிருந்து இரண்டு வாளி எடுத்துக் கொட்டி, முந்தின நாளே பிடித்துவைத்த இரண்டு வாளி விடுவார். எதற்கு என்று கேட்டால், "நீ துணி மாத்தறதில்லையா? அதுக்கும் அப்படித்தான்" என்பார்.

தம்பிக்கு இந்தப் பதில் போதவில்லை. சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர். முதல் புட்டியிலிருந்து பத்துச் சொட்டு, இரண்டாம் புட்டியிலிருந்து பத்துச் சொட்டு. ஐந்து நிமிடம் கழித்து நிறம். மஞ்சள் வந்தது; பெட்டியோடு வந்த நிற அட்டையில் அது ஐந்து.

"பாருக்கா, அஞ்சுதான். முதுகு ஒடிய வாளி தூக்குறதெல்லாம் வீண் வேலை."

"மீனு என்னடா சொல்லுது?"

"மீனு எங்கக்கா பேசுது? நம்பர் பேசுது."

வாளி நின்றது. ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மட்டும் அக்கா நிரப்பினார். ஆறே மாதத்தில் கண்ணாடியில் பச்சை படிந்தது. மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. மூன்று செத்தன. காலண்டரில் ஐந்து. தண்ணீரில் குற்றமில்லை என்றால் வேறெங்கோ இருக்கவேண்டும். அக்கா விரல் மூட்டு வலிக்குத் தைலம் பூசுவார். தம்பி கடைத் தைலம்தான்.

"அக்கா, இனிமே தொட்டியில கை வைக்காத. உன் கை பட்டுத்தான் சாகுது."

"என்ன பேச்சுங்க இது?" என்று மனைவி அதட்டினார். அக்கா இரண்டு கைகளையும் துவாலையில் துடைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் தையல் மெஷினோடு கடைசித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மீன்களைக் கேட்கவில்லை.

அந்தக் கை போன பிறகும் ஏழு செத்தன. வெயில் என்றார், புதுத் தீனி என்றார். அக்காவுக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பெண் கடைக்கு வந்து புட்டியை நீட்டினார். "நாலு நாளாக் குடுக்குறேண்ணே. காய்ச்சல் இறங்கவே இல்ல."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. "குலுக்கலையாம்மா? மேல இருக்கறது வெறும் தண்ணி. மருந்தெல்லாம் அடியிலயே..." பேச்சு அங்கேயே நின்றது. புதுப் புட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினார்.

"குலுக்கலுக்கே குலுக்கலா?" என்று வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வீட்டில் சோதனைப் பெட்டியின் இரண்டாம் புட்டியைத் தலைகீழாகப் பிடித்தார். அடியில் சுண்ணாம்பு போல ஒட்டியிருந்தது. இது அவர் வாங்கிய மூன்றாவது பெட்டி. மூன்றிலும் செய்முறைத் தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. முதல்முறையாகப் பிரித்தார். சொட்டு விடுமுன் முப்பது வினாடி வேகமாகக் குலுக்கவும் என்றிருந்தது. குலுக்கினார். பத்துச் சொட்டு விட்டார். ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. குழாய் சிவந்து கறுத்தது. நிற அட்டையில் கடைசிக் கட்டம், நூற்றறுபது.

தொட்டியில் மிச்சம் ஒரே மீன். நான்கு மூலையையும் சுற்றிவருவதால் அக்கா அதற்கு 'ரோந்து' என்று பெயர் வைத்திருந்தார். அது இப்போது சுற்றுவதில்லை. அவர் போனை எடுத்தார்.

"அக்கா, தண்ணிதான்க்கா. உன் கையில ஒண்ணுமில்ல."

"யாரு, நம்பர் பேசுறவனா?"

"ரெண்டாவது புட்டியக் குலுக்காம விட்டுட்டேன்."

மறுமுனையில் சிரிப்பு வந்தது. பாதியில் அது உடைந்தது. "ஊருக்கெல்லாம் சொல்லுவியேடா!"

"தப்புதான்க்கா. வீட்டுக்கு வா."

"ரோந்து இருக்கா?"

"இருக்கு."

"அவசரப்பட்டு மொத்தமா மாத்திடாத. பழகின உடம்பு தாங்காது. தினம் கொஞ்சமா எடு." வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கடை திறக்குமுன் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறார். நேற்றைய எண் இருபது. ரோந்து இரண்டு மூலை வரை போகிறது.

சனிக்கிழமை அக்கா வருகிறார், மீனை எடுத்துப்போக. கடைசித் தம்பி வீட்டில் புதுத் தொட்டி வாங்கியாகிவிட்டது.