காம் இல்லாத எஞ்சினும் தோப்பூர் வானும்

கராஜ் வைத்திருப்பவனைக் கண்டதும் எல்லோருக்கும் தங்கள் வாகனத்தில் கேட்கும் ஏதோ ஒரு சத்தம் ஞாபகம் வந்துவிடும். கல்யாண வீடென்றாலும் விடமாட்டார்கள், செத்த வீடென்றாலும் விடமாட்டார்கள். திருகோணமலை லிங்கநகரில் கராஜ் வைத்து அகப்பட்டுக்கொண்டவன் நான். சாவியைத் திருப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் சொந்தக்காரர்.

மனைவியின் கேள்வி

எஞ்சின் மூச்சு வாங்கி விடுகிற சின்னக் கதவுகள்தான் வால்வுகள். அவற்றைத் திறப்பது காம் தண்டு. அதைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அந்த பெல்ட் இடம் மாறி மாட்டுப்பட்டால், திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் வந்து மோதி வால்வு வளைந்துவிடும். எனக்கு அந்த பெல்ட்டைக் கண்டாலே பயம்.

அதனால் காம் தண்டே இல்லாத எஞ்சின் பற்றிப் போனில் தேடித்தேடி வாசிப்பேன். அதில் ஒவ்வொரு வால்வையும் காற்றோ எண்ணெயோ மின்சாரமோ தனித்தனியாகத் திறக்கும். எப்போது, எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எரிபொருளும் மிச்சம். இதையெல்லாம் என் மனைவி வசந்திக்கு ஒருநாள் விளக்கினேன். பாவம், அரிசி களைந்தபடியே முழுவதையும் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் பிழை விட்டால் ஆரை ஏசுறது? இப்ப எண்டால் நீங்கள் இருக்கிறீங்கள்."

இரண்டு கோடுகள்

தோப்பூர் ரஹ்மத்துல்லா நானா பெல்ட் மாற்றத் தன் வான் வண்டியைக் கொண்டுவந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், அக்காமாரை ராத்தா என்போம். அவர் மனைவி ஜெமீலா ராத்தாவுக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமையில் இரண்டு நாள் திருகோணமலைக்கு வரவேண்டும். அந்த வான் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கால் இல்லை.

பெல்ட்டைக் கழற்றுமுன், புதியது அதே இடத்தில் பொருந்துவதற்காக, அது ஓடும் பற்சில்லிலும் எஞ்சின் உடம்பிலும் நேருக்குநேர் கோடு போடுவோம். நான் வசந்தியின் சிவப்பு நகப்பூச்சால் போடுவேன். அந்த எஞ்சினில் முன்பு யாரோ போட்ட வெள்ளைக் கோடும் இருந்தது. "அவ ஆஸ்பத்திரி வாசலில நிப்பா" என்று நானா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அவசரத்தில் நான் வெள்ளைக் கோட்டுக்கு நேராக மாட்டிவிட்டேன். சாவி போடுமுன் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். அதையும் விட்டேன். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்றது. வால்வு வளைந்து எல்லாம் முடிந்தது.

நானா என் முகத்தைப் பார்த்தார். தப்பிக்க வழியையும் அவரே காட்டினார்.

"புது பெல்ட்டும் சரியில்லையோ, தம்பி?"

கிண்ணியாப் பாலம்

"ஓம்" என்று சொல்லவில்லை. "இல்லை" என்றும் சொல்லவில்லை. அதுதான் வெட்கக்கேடு. அன்று இருவரையும் என் காரில் ஏற்றித் தோப்பூரில் விட்டேன்.

அடுத்த முறையும் நானே போய் ஏற்றினேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது, "நானா, பெல்ட் நல்ல பெல்ட். பிழை என்ர கை" என்றேன். அவர் முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தார். இனி இந்த மனுசன் என்னை நம்பமாட்டார் என்று நினைத்தேன். பின் சீட்டிலிருந்து ராத்தாதான் பேசினார்.

"அண்டைக்கே தெரியும், தம்பி. உங்கட முகம் சொல்லிப்போட்டுது. காலைல ஏதும் சாப்பிட்டீங்களா?"

துறைமுகத்தில் நிற்கும் எதிர்காலம்

கொழும்பிலிருந்து வால்வுகள் வரும்வரை காத்திருந்த நாட்களில், சரக்குக் கப்பலில் வேலை செய்யும் உள்ளூர்ப் பெடியன் ஒருவர் தன் காரோடு வந்தார். எஞ்சினியர். அவரிடம் என் காம் இல்லாத கனவைச் சொன்னேன். சிரித்துவிட்டார். இப்போது இங்கே வந்து நிற்கும் அவருடைய கப்பலின் எஞ்சினில் காம் தண்டே கிடையாதாம். எண்ணெய் அழுத்தம்தான் வால்வைத் திறக்குமாம். நான் போனில் தேடிக்கொண்டிருந்தது, நம்முடைய துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது!

அப்படியென்றால் வானுக்கு எப்போது வரும் என்று கேட்டேன். கப்பல் எஞ்சின் நிமிடத்துக்கு நூறு சுற்று வரையில் ஆறுதலாகச் சுற்றும், வான் எஞ்சின் ஆயிரக்கணக்கில் சுற்றும், அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கச் செலவு அதிகம், விலை உயர்ந்த கார் சிலவற்றில்தான் பூட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்றார். பிறகு என் முகம் வாடியதைக் கண்டு தோளில் தட்டினார்.

"அது உங்கட வானுக்கு வர முதல், வானில எஞ்சினே இருக்காது, அண்ணை. எல்லாம் கரண்ட் பற்றரியில ஓடும்."

ராத்தா ஏறினார்

வால்வுகள் வந்தன. பூட்டினேன். இம்முறை கையால் ஆறு சுற்றுச் சுற்றினேன். நானாவிடம் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, பத்தடி தள்ளிப்போய் நின்றார். ராத்தா மட்டும் மெல்ல நடந்துவந்து, கதவைத் திறந்து, வானில் ஏறி இருந்துகொண்டார். முதலில் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம், இறங்கி நில்லுங்கள் என்றேன். "நான் இறங்கினா அவருக்குப் பயம் போகாது. நீங்க போடுங்க" என்றார்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு தட்டலும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது; சொல்வதில் என்ன வெட்கம். நானா கிட்ட வந்து, பொனட்டில் கை வைத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"அடுத்த பெல்ட்டுக்கும் இங்கதான் வருவன், தம்பி. ஆனா அண்டைக்கு நான் உங்கள அவசரப்படுத்த மாட்டன்."

காம் இல்லாத எஞ்சின் வரட்டும், வராமல் போகட்டும். திரும்பவும் நம்பி வானில் ஏறி இருக்க ஆளிருந்தால், பிழை விட்ட மெக்கானிக்கும் இந்தத் தொழிலில் காலம் தள்ளலாம்.