கூப்பிடு தூரத்து ஊர்

எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு தேர்தலில், ஜவ்வாது மலைமேல் ஒரு வாக்குச்சாவடியில் எனக்கு வேலை போட்டார்கள். போளூரில் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பள்ளி ஜன்னலில் தினமும் தெரிகிற மலைதான். ஏறியது அதுவே முதல் தடவை.

ஜமுனாமரத்தூர் வரை பஸ். அதற்கப்பால் ஜீப் எதுவரை போகுமோ அதுவரை ஜீப். அது நின்ற ஊரின் பள்ளிக்கூடம்தான் சாவடி. ஓட்டுப் போடுகிறவர்களின் விரலில் மை வைப்பது என் வேலை.

எங்கள் தலைமை அதிகாரி கண்டிப்பான மனிதர், கெட்டவர் அல்ல. பட்டியலைப் பார்த்துவிட்டு, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் இருந்த குடிசைகளைக் காட்டினார். "அந்த ஊருக்கும் இங்கதான் ஓட்டு. ரெண்டு மைல்னு போட்டிருக்கு."

எனக்கும் அது பக்கமாகவே பட்டது. கூரைகளிலிருந்து புகை எழுவது தெரிந்தது. ஒரு நாய் குரைத்தது கேட்டது. போளூரில் இரண்டு மைல் என்றால் சைக்கிளில் கால் மணி நேரம்.

காலை ஒன்பது மணி இருக்கும். எதிர்ச் சரிவில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் வரிசையாக இறங்கின. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்குள் மறைந்துபோயின. வந்துவிடுவார்கள் என்று மை பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பத்தரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. உள்ளூர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று மணிக்குத் தலைமை அதிகாரி, "திரும்பிப் போயிருப்பாங்க டீச்சர்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்த வேண்டும். அதற்குக் கால் மணி இருக்கும்போது பள்ளியின் பின்புறம் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பள்ளத்திலிருந்து ஒவ்வொருவராக மேலே வந்துகொண்டிருந்தார்கள். இடுப்புவரை ஈரம். பெண்களின் முதுகில் துணியால் கட்டிய குழந்தைகள். கண் தெரியாத ஒரு பெரியவரை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து வந்தார்கள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அறுபது பேருக்கு மேல்.

முதல்நாள் மழையில் கீழே ஓடை பெருகிவிட்டதாம். தண்ணீர் ஒடுங்கும் இடம் தேடி மேலே சுற்றிப் போய், கைகோத்துக் கடந்திருக்கிறார்கள்.

"அஞ்சுக்கு முன்னாடி வரிசையில நின்னுட்டா எல்லாருக்கும் ஓட்டு உண்டு" என்றார் தலைமை அதிகாரி. சீட்டில் எண் எழுதி, விதிப்படி கடைசி ஆளிடமிருந்து கொடுத்துக்கொண்டு வந்தார். யாரும் முண்டவில்லை. பெரியவரை மட்டும் முன்னால் விட்டார்கள். அவர் விரலில் மை வைத்தபோது அது தோலின் வெடிப்புகளுக்குள் ஓடி வேர்போல் பரவியது.

என் வயதுப் பெண் ஒருத்தி. பாறை கிழித்து அவள் காலில் ரத்தம் கசிந்தது. கையை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"பொட்டிய இம்மாந்தூரம் கொண்ணாந்தீங்களே டீச்சரம்மா, எங்க வூட்டாண்ட கொண்ணாந்தா இன்னா?"

"ரெண்டு மைல்தானேன்னு நெனச்சிட்டாங்க போலருக்கு" என்றேன்.

"யாரு அளந்தாங்க, காக்காவா?" என்று சிரித்தாள். கோபமே இல்லாமல் சிரித்தாள். நான் தலை குனிந்துகொண்டு மை வைத்தேன்.

பொழுது சாயும்போது நாங்கள் பெட்டியோடு ஜீப்பில் ஏறினோம். அவர்கள் பள்ளியிலேயே தங்கி விடிந்ததும் திரும்பப் போவதாகச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் ஒரு விடுமுறையில் அந்த ஊருக்கு நடந்தே போனேன். ஓடை வற்றியிருந்தும் ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மைலை விட்டுவிட்டு, மணிக்கணக்கை எழுதி, அங்கேயே ஒரு சாவடி கேட்டு மனுப் போட்டேன். ஊரே கைநாட்டு வைத்தது. தலைமை அதிகாரியும் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாவடி வைக்க அங்கே கட்டடம் இல்லை என்று பதில் வந்தது. கட்டடம் ஏன் இல்லை என்றால் சாமான் ஏற்றிப் போகப் பாதை இல்லை. பாதை கேட்டால், அத்தனை கொஞ்சம் பேருக்கா என்பார்கள். எங்கே பிறக்கிறோம் என்பதே ஒருவருக்கு இத்தனையை மறுத்துவிடும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பதிலை ஜமுனாமரத்தூர் சந்தையில் அவளிடம் சொன்னேன். "வூடு ஒண்ணு இருந்தா வருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்களே கட்டினார்கள். மண்சுவர் எழுப்பி, ஓடுகளைக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து, அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். ஓடு போட்ட கட்டடம் என்று நான் மறுபடி எழுதினேன். இந்த முறை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எண்பதுகளில் வந்த அடுத்த தேர்தலில் எனக்கு வேறெங்கோ வேலை. பிறகு சந்தையில் அவளைப் பார்த்தபோது, பெட்டி வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சே! தூக்கினு வந்தவங்க அப்டியே குந்திட்டாங்க. கூழு ஊத்திக் குடுத்தோம்."

"நீ எத்தனை மணிக்குப் போட்ட?"

"காலைல மொத ஆளு நாந்தாங்க. போட்டுட்டு, களையெடுக்கப் போய்ட்டேன்."