தலைக்கு வைத்த சேலை

மல்லாங்கிணறு கடைத்தெருவில் சேவு போட்டு விற்றுவந்தவர் சவுந்தரபாண்டி. 1988இல் பம்பு ஸ்டவ் வெடித்ததில் அவருக்குக் கழுத்தும் நெஞ்சும் வெந்துபோயின. மதுரையில் வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவர் மனைவி செல்லக்கனியிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

"தலைக்கு எதையும் வச்சிராதீக. கழுத்து நிமிந்தமேனிக்கே ஆறணும். மடக்கிப் படுத்தா அவுகளுக்குச் சொகமாத்தான் இருக்கும். ஆனா தாடை நெஞ்சோட ஒட்டிப்போகும்."

வீட்டில் அவர் முனகியது தெருவுக்கே கேட்டது. பொறுக்கமாட்டாமல் செல்லக்கனி தன் நூல்சேலை ஒன்றை மடித்துத் தலைக்கடியில் வைத்தாள். உடனே அவர் கண்ணயர்ந்தார். பார்க்க வந்தவர்கள், "பொண்டாட்டின்னா இப்பிடில்ல பாக்கணும்" என்று மெச்சினார்கள். அந்தச் சேலையை உருவ ஒருவருக்கும் கை வரவில்லை.

நர்ஸ் சொன்னதுதான் நடந்தது. புண் ஆற ஆறத் தோல் இழுத்து, தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கடைக்குத் திரும்பிய சவுந்தரபாண்டி, வருகிறவர்களைக் காலைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார். மனைவியை மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவ அன்னைக்கு அத வைக்கலேன்னா நான் செத்தேபோயிருப்பேன்" என்பார்.

அடுத்த வருஷம், ஆபரேஷன் செய்து கழுத்தை நிமிர்த்தலாம் என்றார் டாக்டர். அதன் பிறகும் தலைக்கு எதுவும் வைக்கக் கூடாது.

செல்லக்கனி தரையில் உட்கார்ந்து, கீழிருந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பாலவனத்தத்துல இருக்க ஒங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க. நான் வரல. நீங்க முனகுனா மறுபடியும் வச்சிருவேன்."