ஆட்டின் சம்மதக் கடிதம்

எங்கள் காட்சித் தொடர்பியல் வகுப்புக்கு அந்தப் பருவத்தில் இரண்டு பாடங்கள். ஒன்று திரைப்படத் தணிக்கை விதிகள், இன்னொன்று மியூசிக் வீடியோ தயாரிப்பு. இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் கல்யாணம் முடிந்து கோயம்புத்தூர் போய்விட்டதால் இரண்டும் ஒரே சாரின் தலையில் விழுந்தன. சார் ஒரு வாரம் யோசித்தார். பிறகு வகுப்பை நடுவில் பிளந்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பாட்டு எடுக்க வேண்டும், சுவர் பக்கம் இருப்பவர்கள் அதைத் தணிக்கை செய்ய வேண்டும்.

"இவங்க எடுக்கட்டும், நீங்க வெட்டுங்க. எனக்கு ரெண்டு பேப்பரும் ஒண்ணா முடிஞ்சிரும்" என்றார், ரொம்ப நேர்மையாக.

காற்றுக்காக ஜன்னல் ஓரம் உட்காருகிற பழக்கம் உண்டு எனக்கு. அந்த ஒரே தகுதியில் நான் இயக்குநர் ஆனேன்.

சும்மா இருந்திருக்கலாம். "யூடியூப்ல போடுத பாட்டுக்கு சென்சாரே கிடையாதே சார்" என்று கேட்டேன். "யூடியூப்ல போட்டுக்கோ, யாரு வேண்டாம்னா? ஆனா கல்லூரி விழாவுல திரையில போடணும்னா நம்ம போர்டு சான்றிதழ் இருக்கணும்" என்றார். திரை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்வதும் தெருக்குழாயில் எழுதி ஒட்டுவதும் ஒன்றுதான். மறுநாள் காலையில் பதினாலு பேருக்கு வேன் பேசியாகிவிட்டது. நான் இன்னும் பாட்டின் முதல் வரியைக்கூட எழுதியிருக்கவில்லை.

"ஏட்டி, முன்வரிசை சீட்டு கிடைக்குமா?" என்று அம்மா கேட்டாள். "பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்குக் கண்ணு தெரியாது, அதான்."

ஆக, பாட்டைத் திரையில் காட்டியே தீரவேண்டும். இல்லாவிட்டால் வேனில் வருகிற பதினாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது?

பாட்டைப் பத்து நிமிடத்தில் எழுதினேன்.

பிச்சிப்பூ வாசக்காரி
பின்னால வாரேன்டி,
தேரடி தாண்டியாச்சு
திரும்பித்தான் பாரேன்டி.

இதற்குமேல் ஒரு காதல் பாட்டுக்கு என்ன வேண்டும்? கதாநாயகன், ராயகிரியிலிருந்து பஸ்ஸில் வரும் வகுப்புத் தோழன். அவனிடம் கறுப்புக் கண்ணாடி இருந்தது, அதனால் அவன். கதாநாயகிக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் நான். கேமரா, கடையநல்லூர்த் தோழியுடையது. அவளுடைய வாப்பா துபாயிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்தது. யாரையும் தொட விடமாட்டாள். "ஒரு கீறல் விழுந்தா வாப்பா என்னைய தொலைச்சிரும்" என்று ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் சொல்லுவாள். 'ஆக்‌ஷன்' என்பதற்குப் பதிலாக எங்களுக்கு அதுதான் பழகிப்போனது.

எங்கள் தெருவிலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தோம். அன்றுதான் தறி ஓடாது, சத்தம் இருக்காது என்று திட்டம். பாட்டைப் பிறகுதான் சேர்க்கப் போகிறோம், சத்தம் இருந்தால்தான் என்ன என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவ்வளவுக்கும் மூன்றாம் ஆண்டு.

காட்சி இதுதான். நான் முன்னால் நடப்பேன். கதாநாயகன் கையில் ஒரு முழம் பிச்சிப்பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே தெருமுனையிலிருந்து தேரடி வரை என் பின்னால் வருவான். நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. தோழி பக்கவாட்டில் நடந்துகொண்டே எடுத்தாள், கேமராவோடு இடறி விழாமல் இருக்க அவள் கண்ணெல்லாம் தரையில்தான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் பின்னால் இன்னொருத்தியும் வந்திருக்கிறாள்.

மூன்றாவது வீட்டு மைனியின் வெள்ளாடு.

மைனி, அதாவது எங்கள் தெருவுக்கே அண்ணி, தறிக்கு நூல் சுற்றப் போகிறவர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அந்த ஆட்டை அவர் ஆடு என்று நினைத்ததில்லை. பால் கறக்கிற பிள்ளை என்றுதான் நினைப்பு. அந்தப் பிள்ளை பூ வாசத்துக்கு மயங்கி இரண்டரை நிமிடம் எங்கள் நாயகன் பின்னால் நடந்து, கடைசியில் அவன் கையிலிருந்த சரத்தின் நுனியைப் பிடித்து, நிதானமாக, தாளத்துக்குச் சரியாக, ஒவ்வொரு பூவாக மென்று தின்றிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. கையில் வெறும் நாரை வைத்துக்கொண்டு உருகி உருகிப் பாடுகிறான்.

"இந்தப் பாட்டுலயே இதுக்கு மட்டுந்தாம்ட்டி நடிப்பு வருது" என்றாள் கடையநல்லூர்த் தோழி. நானும் ஒத்துக்கொண்டேன். படத்திலிருந்து எங்களை எடுத்துவிட்டாலும் ஆட்டை எடுக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தோம்.

சுவர் பக்கத்துத் தணிக்கைக் குழுவில் ஐந்து பேர். தலைவி, மேலநீலிதநல்லூரிலிருந்து வருகிறவள். போன மாதம்வரை என் டிபன் பாக்ஸில் கைவைத்தவள். தலைவி ஆனதும் சிவப்பு மைப் பேனா வாங்கினாள், அழிரப்பரைச் செதுக்கி முத்திரை செய்தாள். அதோடு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். கேன்டீனில்கூட, "விண்ணப்பதாரரே, அந்தச் சட்னியக் கொஞ்சம் இங்கன தள்ளுங்க" என்பாள்.

குழு எங்கள் பாட்டை ஏழு தடவை பார்த்தது. வசனமே இல்லாத பாட்டை எதற்கு ஏழு தடவை என்று கேட்டால், "விதி" என்றார்கள். பிறகு தலைவி எழுந்தாள்.

"ஆடு நடிச்சிருக்கு. முன் அனுமதி வாங்கினீங்களா?"

"நடிக்கலட்டி, அதுவா வந்துச்சு."

"அதுவா வந்ததை ஏன் வச்சிருக்கீங்க?"

விலங்கு வந்தால் தனியாக அனுமதி வேண்டும் என்று புத்தகத்தில் உண்மையாகவே இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. கடைசியில் தலைவி மனமிரங்கி இரண்டு தாள் கேட்டாள். ஆடு ஆரோக்கியமாக இருக்கிறது என்று டாக்டர் கடிதம் ஒன்று, ஆட்டுக்கு எந்தத் துன்பமும் நேரவில்லை என்று உரிமையாளர் கடிதம் ஒன்று. இல்லாவிட்டால் ஆடு வருகிற இடமெல்லாம் வெட்டு. கணக்குப் பார்த்தேன். ஆட்டை வெட்டினால் மிச்சம் நாற்பது வினாடி. அதில் பாதி, நாயகன் கண்ணாடி துடைப்பது.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவர் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மைனி வேலைக்குப் போயிருந்ததால் ஆட்டைக் கொண்டுபோக முடியவில்லை. செல்போனில் பாட்டைப் போட்டுக் காட்டினோம். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இரை எடுக்குது, காது நிமிந்திருக்கு, நடை நல்லாருக்கு. இந்தப் பயலுக்குத்தான் முதுகு கொஞ்சம் கூனுது" என்றார். பழைய அச்சுத் தாள் ஒன்றை எடுத்து, கோடிட்ட இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சந்தோஷத்தில் அதைப் படிக்காமலேயே தலைவியிடம் நீட்டினேன். அவள் வகுப்புக்கே கேட்கும்படி வாசித்தாள்.

"பரிசோதித்ததில் நோய் ஏதுமில்லை. இறைச்சிக்கு ஏற்றது."

டாக்டர் காலமெல்லாம் கொடுத்துப் பழகிய சான்றிதழ் அது ஒன்றுதான் போல. சார் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

இதை வீட்டில் வந்து சொன்னது என் தப்பு. அம்மா குழாயடிக்குப் போனாள். வியாழக்கிழமை காலை, விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, மைனி எங்கள் வகுப்பு வாசலில் நின்றார்.

"எவம்லே என் ஆட்டைக் கறின்னு எழுதுனது?"

மைனி பார்த்தது நாயகனை. எழுந்து நின்றது சார்.

தலைவி மட்டும் அசரவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பேனாவைத் திறந்தாள். "அக்கா, படப்பிடிப்புல உங்க ஆட்டுக்குத் துன்பம் ஏதும் நேர்ந்துச்சா?"

"நேராம? ஒரே பாட்டை இருபது மட்டம் அலறவிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அவ பால் கறக்கவே விடல."

தலைவி எழுதிக்கொண்டாள். "அப்போ ஆடு வருத காட்சியெல்லாம் எடுத்திரலாமா?"

"எடுக்கதா?" மைனி நிமிர்ந்தார். "என்னத்த நடிச்சிருக்கான்னு நான் இன்னும் பாக்கவே இல்ல, அதுக்குள்ள எடுக்கதா? போடு, பாப்போம்."

போட்டோம். ஆடு திரையில் வந்ததும் மைனி முகம் மலர்ந்தது. பூவைக் கடித்ததும், "களவாணி, களவாணி" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். பாட்டு முடிந்ததும் தலைவியைப் பார்த்துத் திரும்பினார்.

"எடுக்கணும்னா இந்தப் பயல எடு. அவ பூவுக்காகப் போறா, அது நியாயம். இவன் எதுக்கு அந்தப் பிள்ள பின்னால தேரடி மட்டும் போறான்? அவ திரும்பியே பாக்கலையே. ஆட்டுக்குக் கடுதாசி கேட்டியளே, அந்தப் பிள்ளைகிட்ட கேட்டியளா?"

தலைவி விதிப் புத்தகத்தை வேகமாகப் புரட்டினாள். ஏழு தடவை பார்த்த ஐந்து பேரும் ஆட்டை மட்டுமே பார்த்திருந்தார்கள். பிறகு அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"விண்ணப்பதாரரே, கதாநாயகியோட சம்மதக் கடிதம்?"

"நான்தாம்ட்டி கதாநாயகி!"

"உன்னைய கேக்கல. பாட்டுக்குள்ள நடந்து போறாளே, அவளைக் கேக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. நிஜத்தில் எவனாவது என் பின்னால் தேரடி வரை பாடிக்கொண்டு வந்திருந்தால் முதல் திருப்பத்திலேயே செருப்பைக் கழற்றியிருப்பேன். அதையே பத்து நிமிடத்தில் பாட்டாக எழுதி, நானே முன்னால் நடந்து, அதற்கு வேன் வேறு பேசியிருக்கிறேன்.

தீர்ப்பு வந்தது. பின்தொடரும் காட்சிகளுக்கு வெட்டு, ஆட்டுக்கு அனுமதி. மைனி அங்கேயே கையெழுத்துப் போட்டார். டாக்டர் கொடுத்த தாளையும் வாங்கி 'இறைச்சிக்கு' என்பதை அடித்துவிட்டு 'பாலுக்கு' என்று எழுதினார். திரையில் பெயர் போடும்போது ஆடு நாயகனுக்கு மேலே வரவேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். நாயகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மைனி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டான்.

சிக்கல் என்னவென்றால், ஆடு இருப்பதே பின்தொடரும் காட்சியில்தான். அதை வெட்டினால் ஆடும் போய்விடும். மறுபடி எடுக்கலாம் என்றால், லீவு முடிந்து வாப்பா துபாய்க்குத் திரும்பும்போது கேமராவும் கூடவே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க நானும் தோழியும் நாயகனும் லேபில் உட்கார்ந்து அந்த இரண்டரை நிமிடத்தை இப்படி வெட்டி அப்படி ஒட்டிப் பார்த்தோம். எப்படி ஒட்டினாலும் அவன் பின்னாலேயே வந்தான். மூன்று மணி வாக்கில் நான் எரிச்சலில் எதையோ அமுக்க, காட்சி பின்னோக்கி ஓட ஆரம்பித்தது.

திரையில் ஆடு பின்வாங்கியது. அதைத் தொடர்ந்து நாயகன் பின்வாங்கினான். அவனைத் தொடர்ந்து நான், முதுகைக் காட்டியபடியே, விறுவிறுவென்று பின்பக்கமாக நடந்து அவனைத் தெருவைவிட்டே விரட்டிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் ஒருவர் தம்ளருக்குள் டீயைத் துப்பினார். ஒரு சைக்கிள் பின்னால் போய் வீட்டுக்குள் நுழைந்தது. ஆடோ, வாயிலிருந்து பிச்சிப்பூவை ஒவ்வொன்றாக எடுத்து, வாடாமல் கசங்காமல் முழச் சரமாகக் கோத்து, மரியாதையாக அவன் கையில் கொடுத்தது.

மூன்று பேரும் நாற்காலியில் இல்லை. தரையில் கிடந்தோம்.

நாலு மணிக்குத் தலைவி வந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். இருந்தாலும் தலைவி தலைவிதானே.

"இப்போ நீதான் அவனைத் துரத்துத மாதிரி இருக்கு. அவன் சம்மதக் கடிதம் வேணும்."

நாயகன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். மூன்று வாரமாக அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. "கையெழுத்துப் போடுதேன். ஒரு மட்டன் பிரியாணி" என்றான். திரையில் ஆடு பூவோடு உறைந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்தான். "சரி. சிக்கன்."

அழிரப்பர் முத்திரை விழுந்தது. 'யு'. எல்லோரும் பார்க்கலாம்.

சனிக்கிழமை வேன் வந்தது. பதினாலு பேர் என்றது பதினெட்டாகியிருந்தது. பின்னால வாரேன்டி, பின்னால வாரேன்டி என்று பாட்டு முழங்க முழங்க நாயகன் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். அரங்கம் மொத்தமும் விசிலடித்தது. ஆட்டின் வாயிலிருந்து முதல் பூ வெளியே வந்தபோது மைனி சீட்டில் ஏறி நின்று, "எங்க தெரு ஆடு!" என்று கத்தினார். பெரியம்மைக்கு என்ன தெரிந்ததோ, அவரும் கைதட்டினார்.

திரும்பும்போது அம்மா என் தலையைத் தடவினாள். "பாட்டு நல்லாத்தாம்ட்டி இருந்துச்சு. ஆனா நீ ஏன் முன்னால பாத்து நடக்கல? விழுந்து கிழுந்து தொலைச்சிருந்தா?"

மறுநாள் காலையில் மைனி வீட்டு வாசலில் ஒரே கூட்டம். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு பிச்சிப்பூவோடு வந்து ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். ஆடு மென்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.